பள்ளிக்கூட நேரத்தில் தெருவில் நிற்கும் பிள்ளை

கிழமை நாளில், பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில், ஒரு தாய் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு திருகோணமலையை அடுத்த சீனன்குடாவில் பஸ்ஸுக்காக நின்றால் கட்டாயம் ஒரு கேள்வி வரும். “என்ன அக்கா, பிள்ளையளுக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?” கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கிறார். “வீட்டிலதான் தம்பி படிப்பிக்கிறன்” என்று தாய் சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது. மேற்கொண்டு என்ன கேட்பது, அந்தப் பிள்ளைக்கு நாம் ஏதும் செய்யவேண்டுமா என்பதில் நம்மில் ஒருவருக்கும் தெளிவில்லை. அந்தத் தெளிவைத் தேடுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வீட்டில் வைத்தே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் குடும்பங்கள் நமது மாவட்டத்தில் மிகச் சிலவே. ஆனால் பகற்பொழுதில் பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும் பிள்ளைகள் அவர்கள் மட்டுமல்லர். முன்பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத குழந்தைகள் இருக்கிறார்கள். தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்க, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நோயிலிருந்து தேறி வருபவர்கள், தவணை விடுமுறையில் இருப்பவர்கள் என்று கணக்கு நீளும். வீட்டில் கற்கும் பிள்ளைக்கு ஏற்றபடி ஓர் ஊர் தன்னைச் சீர்ப்படுத்திக்கொண்டால் இவர்கள் எல்லோருக்கும் அது பயன்படும். பகலில் ஊருக்குள் வரும் சின்னப் பிள்ளை, அது யாருடைய பிள்ளையானாலும், எங்கே படித்தாலும், ஊர் முழுவதினதும் பொறுப்பு. இதில் நாம் உடன்பட்டால் மற்றவற்றைப் பேசித் தீர்ப்பது கடினமில்லை.

பள்ளிக்கூடத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியே இந்த நாட்டின் ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்த மிகப் பெரிய சொத்து. கிழக்கில் சுவாமி விபுலானந்தரும் இராமகிருஷ்ண மிஷனும் பாடசாலைகளை வளர்க்கப் பட்ட பாட்டின் பலனைத் திருகோணமலை இன்றும் அனுபவிக்கிறது. சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. கட்டாயக் கல்வி 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை என்றிருந்தது. 2016இல் அது 16 வயது வரை உயர்த்தப்பட்டது. வீட்டில் படிப்பிக்கிறோம் என்று சொல்லி எந்தப் பெற்றோரும் இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது, நழுவவும் கூடாது. கிராம மட்டத்திலே பாடசாலை வரவுக் குழுக்களை அமைத்திருப்பது கல்வி இல்லாமல் விடப்படும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதற்காக. அந்த வேலை நடக்கத்தான் வேண்டும்.

ஆயினும் பள்ளிக்கூடம் ஒன்றே போதும் என்ற நம்பிக்கை 2020 மார்ச்சில் ஆட்டம் கண்டது. கொரோனாவால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஒவ்வொரு வீடும் ஒரே நாளில் வகுப்பறையானது. கைத்தொலைபேசி ஒன்றை மூன்று பிள்ளைகள் பங்குபோட்ட வீடுகளை நாம் கண்டோம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் மறுபடியும் வாரக்கணக்கில் பாடசாலைகள் இயங்கவில்லை. அந்த நாட்களில் எத்தனையோ தாய்மாரும் தந்தைமாரும் தாங்களாகவே ஒன்றைக் கண்டுகொண்டார்கள். சின்னப் பிள்ளையை நாள் முழுவதும் நான்கு சுவருக்குள் வைத்துப் படிப்பிக்க முடியாது. வெளியே அழைத்துப் போகவேண்டும். போகும் இடம் ஏதாவது சொல்லித்தர வேண்டும்.

சீனன்குடாவைவிடச் சொல்லித்தரக்கூடிய ஊர் வேறு எது?

காலையில் பிள்ளை கையில் எடுத்த பாண் துண்டிலிருந்து தொடங்கலாம். “அம்மா, பாண் எந்த மரத்தில காய்க்கும்?” என்று நான்கு வயதுப் பிள்ளை கேட்டால் சிரிக்கத் தேவையில்லை. பாண் மாவிலிருந்து வருகிறது, மா கோதுமையிலிருந்து வருகிறது, கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை, அது கப்பலில் வருகிறது என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே வெளியே கூட்டிவந்து, தூரத்தில் உயர்ந்து நிற்கும் பிரிமா மாவாலையின் தானியக் களஞ்சியங்களைக் காட்டலாம். 1980 முதல் இயங்கும் அந்த ஆலைக்குத் தானியக் கப்பல் நேரே வந்து அணைகிறது. இங்கே அரைபடும் மா லொறியில் ஏறி நாடெங்கும் போகிறது. கப்பல் எங்கிருந்து வந்தது என்று தேடினால் உலகப்படம் விரியும். பாணின் விலை ஏன் ஏறியது என்று கேட்டால் டொலரும் ரூபாயும் வந்துவிடும். காலைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கடலுக்கு அப்பால் வரை போகும் பாடம் இது. நாட்டில் மிகச் சில ஊர்களிலேயே இப்படிக் கண்ணால் காட்டிப் படிப்பிக்கலாம்.

அடுத்தது எண்ணெய்த் தாங்கிகள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன. மேற்பகுதியில் இருப்பவை பல காலமாகக் காடு மண்டிக் கிடப்பவை. ஒவ்வொன்றும் 12,000 கிலோலீற்றர், அதாவது 1 கோடி 20 லட்சம் லீற்றர் கொள்ளும். ஒரு பவுசரில் 33,000 லீற்றர் ஏறும் என்று வைத்துக்கொண்டால் ஒரு தாங்கியை நிரப்ப எத்தனை பவுசர் வேண்டும்? பத்து வயதுப் பிள்ளை தாளும் பேனையுமாக உட்கார்ந்து 364 என்று கண்டுபிடிக்கும்போது, தாங்கி எவ்வளவு பெரியது என்பது அதற்குப் புரிந்துவிடும். சின்னப் பிள்ளைக்கும் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கையின்படி லங்கா ஐஓசி நிறுவனத்துக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்துக்கு 61. கூட்டிப் பார்த்தால் 99. கூட்டலை முடித்த பிள்ளை “ஏன் பிரிச்சவை?” என்று கேட்கத் தொடங்கினால் அது நாட்டு நடப்பைப் படிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வரலாறு வேண்டுமா? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. தாக்கவந்த விமானமொன்று மோதியதில் எரிந்துபோனதாகச் சொல்லப்படும் தாங்கியின் உருக்குலைந்த எச்சம் இன்றும் இருக்கிறது. உலகப் போர் என்பது எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்கும், அது தன் வீட்டு வாசலுக்கே வந்தது என்று தெரிந்த பிள்ளைக்கும் வரலாற்றின்மேல் ஒரே மாதிரியான ஈடுபாடு இருக்காது.

புவியியலுக்கும் குறைவில்லை. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, கொட்டியாரக்குடாவில்தான் கடலோடு சேர்கிறது. தம்பலகாமம் குடாவின் ஓரத்தில் கண்டல் மரங்கள் வேரை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இறாலும் நண்டும் அந்த வேர்களுக்கிடையே வளர்கின்றன. கிண்ணியாப் பக்கம் பஸ் ஏறினால் 396 மீற்றர் நீளமான பாலத்தைக் கடக்கலாம். அது 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை சனம் வாகனங்களோடு ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போனது. அந்தக் கதையைச் சொல்ல ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு முதியவர் இருப்பார். பிள்ளை கேட்டால் போதும்.

புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்றாலே ஒரு மொழிப்பாடம். மூன்று மொழிகளில் ஒரே ஊரின் பெயர். தமிழ் எழுத்தைக் கூட்டி வாசித்துப் பழகும் பிள்ளை ‘சீ... ன... ன்... கு... டா’ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி முடித்துவிட்டு, மேலே இருக்கும் வட்ட வட்ட எழுத்தைக் காட்டி அது என்ன என்று கேட்கிறது. தாய்க்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பக்கத்து வாங்கில் இருந்த சிங்களப் பெண் ஒருவர் எழுந்துவந்து, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்துக்கு எழுத்து காட்டி வாசித்துக் காட்டுகிறார். பிறகு தமிழ் வரியைக் காட்டி, இதை எனக்குச் சொல்லித் தா என்று கைச்சாடையால் கேட்கிறார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஐந்து நிமிடத்தில் நடந்ததைச் செய்ய நமது கல்வி அமைப்பு இன்றுவரை தடுமாறுகிறது. தமிழ்ப் பிள்ளை ஒரு பாடசாலைக்கும் முஸ்லிம் பிள்ளை இன்னொன்றுக்கும் சிங்களப் பிள்ளை வேறொன்றுக்கும் போகும் மாவட்டம் இது. மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் காணும் இடங்கள் பஸ், சந்தை, நிலைய மேடை, கடற்கரை போன்ற பொது இடங்களே. பொது இடத்தைப் பிள்ளைக்கு ஏற்றதாக்குவது இங்கே இன ஒற்றுமைக்கான வேலையும் ஆகிறது.

தடையாக நிற்பவை

இவ்வளவு செல்வம் இருந்தும் ஒரு தாய் பிள்ளைகளோடு அரைநாள் வெளியே போய்வருவது ஏன் இத்தனை சிரமமாக இருக்கிறது?

அண்மையில் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு முற்பகல். பஸ் தரிப்பிடத்தில் தாயும் இரண்டு பிள்ளைகளும். சின்னவனுக்குச் சிறுநீர் கழிக்க வேண்டும். சுற்றிலும் பொது மலசலகூடம் இல்லை. தாய் இடமும் வலமும் பார்க்கிறார். ஒரு கையில் பை, மறு கையில் காலைப் பின்னிக்கொண்டு நிற்கும் பிள்ளை. பக்கத்துக் கடைக்கார நானா கண்டுவிட்டார். “தங்கச்சி, பின்னால வீடுதான். பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க, உள்ளுக்கு ஆளிருக்கு.” திரும்பி வரும்போது பிள்ளைகள் இருவரின் கையிலும் ஆளுக்கொரு கோப்பை தண்ணீர். இந்த மனிதத்தன்மை நமது ஊரின் பெருமை. ஆனால் ஒரு பிள்ளையின் அடிப்படைத் தேவை ஒரு நல்ல மனிதர் அந்த நேரத்தில் கடையில் இருப்பதை நம்பி இருக்கக்கூடாது. நிழல், குடிநீர், மலசலகூடம் மூன்றையும் ஊர் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது தடை வேலி. துறைமுகம், விமானப்படை, கடற்படை, எண்ணெய், மா, சீமெந்து என்று சீனன்குடாவில் பார்க்கவேண்டியவற்றில் பெரும்பாலானவை வேலிக்கு உள்ளே இருக்கின்றன. பாதுகாப்புக் காரணத்தை நாம் மறுக்கவில்லை. உள்ளே விடாவிட்டாலும் வெளியே நின்று பார்ப்பவருக்கு விளக்கம் சொல்லலாமே! ஒரு பலகை, ஒரு படம், மூன்று மொழியில் நான்கு வரி. அதுகூட இல்லாததால் இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, தன் ஊரின் நடுவே நிற்பவை என்ன என்று தெரியாமலே வளர்ந்துவிடுகிறது.

மூன்றாவது தடை பாதுகாப்பு. காவலில்லாத ரயில் கடவைகள், வேகமாகப் போகும் லொறிகள், நடைபாதை இல்லாத வீதியோரம், கட்டாக்காலி நாய்கள், ஆழமான கடல். இவற்றுக்கு நடுவே சின்னப் பிள்ளையோடு நடப்பவர் கண்ணிமைக்க முடியாது.

நான்காவது தடை நமது பார்வை. வீட்டில் படிக்கும் பிள்ளையை ஏதோ குறையுள்ள பிள்ளையாகப் பார்ப்பது, தாயின் முகத்துக்கு நேரே “படிப்பு வராதோ?” என்று கேட்பது, ஓர் அலுவலகத்துக்குப் பிள்ளைகளோடு போனால் முகம் சுளிப்பது. பிள்ளைக்கு எல்லாம் கேட்கும்; எல்லாம் விளங்கும்.

இரு பக்கத்துக் கவலைகளும் நியாயமானவை

ஆசிரியர்களும் கல்வி அதிகாரிகளும் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. ‘வீட்டில் படிப்பிக்கிறோம்’ என்ற சொல்லின் மறைவில் பெண்பிள்ளையை வீட்டுவேலைக்கு நிறுத்திவிடலாம். ஆண்பிள்ளையை மீன் வாடிக்கும் கடைக்கும் அனுப்பிவிடலாம். துன்புறுத்தப்படும் பிள்ளையை ஒருவரும் காணாமல் போகலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் முகவாட்டத்தைக் கவனிக்க ஓர் ஆசிரியை இருக்கிறார். வீட்டுக்குள்ளே யார் இருக்கிறார்கள்?

பெற்றோரின் கவலையும் நியாயமானதே. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக எட்டு வயதிலேயே பிள்ளையைக் காலையும் மாலையும் ரியூசனுக்கு இழுத்தடிப்பதை அவர்கள் விரும்பவில்லை. வகுப்பறை இரைச்சலைத் தாங்காத பிள்ளை, மெதுவாகக் கற்கும் பிள்ளை, அடிக்கடி நோய்ப்படும் பிள்ளை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேசவேண்டும். வீட்டில் படிப்பிப்பதற்கு நேரம் வேண்டும், ஓரளவு வசதியும் வேண்டும். நாட்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அந்தத் தெரிவே இல்லை. வசதியுள்ள வீட்டிலும் முழுச் சுமையும் தாயின் தலையில் விழுகிறது. தகப்பன்மார் பெரும்பாலும் ‘எப்படிப் போகுது?’ என்று கேட்பதோடு சரி. ஆகவே இது சில குடும்பங்களின் சலுகையாக முடிந்துவிடாமல், ஊருக்குப் பொதுவான நன்மையாக விரிய வேண்டும்.

இரு பக்கத்துக் கவலைகளுக்கும் மருந்து ஒன்றே. பிள்ளை ஊரின் கண்ணில் பட வேண்டும். நூலகத்துக்கும் கடற்கரைக்கும் கிளினிக்குக்கும் வந்துபோகும் பிள்ளையை ஊர் அறிந்திருக்கும். அதற்கு ஒரு துன்பம் என்றால் யாராவது கவனிப்பார்கள். வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைக்கே ஆபத்து அதிகம். பகலில் வெளியே வரும் தாயை நாம் கேள்வியால் விரட்டினால், அந்தப் பிள்ளையை மறுபடி நான்கு சுவருக்குள் தள்ளுகிறோம்.

பிற நாடுகள் இதை வெவ்வேறு விதமாகக் கையாள்கின்றன. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தக்க கல்வி கிடைக்கச் செய்யும் கடமையைப் பெற்றோரிடம் ஒப்படைத்து, அதைப் பாடசாலை மூலமோ வேறு வழியிலோ நிறைவேற்ற இடம் தருகிறது. சிங்கப்பூரில் 2003 முதல் கட்டாயக் கல்வி நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் படிப்பிக்க விரும்புவோர் விலக்குப் பெறவேண்டும், அவர்களுடைய பிள்ளைகளும் ஆரம்பக் கல்வி இறுதிப் பரீட்சைக்குத் தோற்றவேண்டும். ஜெர்மனி பாடசாலை வரவையே வலியுறுத்துகிறது. மூன்றுக்கும் பொதுவானது, எந்தப் பிள்ளையும் கல்வி இல்லாமல் விடப்படக்கூடாது என்ற கண்டிப்பு.

ஊரைப் பற்றியும் உலகம் யோசித்திருக்கிறது. இத்தாலியின் ஃபானோ என்ற கடலோர நகரத்தில் 1991இல் பிரான்செஸ்கோ தொனுச்சி என்ற கல்வியாளர் ‘பிள்ளைகளின் நகரம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஒரு பிள்ளைக்கு ஏற்றதாக இருக்கும் நகரம் எல்லோருக்கும் ஏற்றதாக இருக்கும் என்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டில் 2021 ஒக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், கொரோனாவால் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காகத் தங்கள் தெருவிலேயே மாலையில் ஒன்றரை மணிநேரம் ஒதுக்கினார்கள். வீட்டுத் திண்ணையும் மரநிழலும் கோயில் மண்டபமும் வகுப்புகளாயின. படித்த பெண்கள் வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் நமது ஊர்களிலும் இது முடியாத காரியமில்லை.

நாமும் கைச்சாத்திட்டவர்களே. இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. அதன் 28ஆம், 29ஆம் உறுப்புரைகள் கல்வியைப் பற்றியவை. 31ஆம் உறுப்புரை ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்வதற்கும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமைக்குச் சீனன்குடாவில் ஒரு நிழலும் ஒரு வாங்கும் வேண்டும்.

யார் யார் என்ன செய்யலாம்?

முதற்கடமை வீட்டில் படிப்பிக்கும் பெற்றோருடையது. வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். சட்டம் கேட்பதை நேரே போய்ப் பேசி, எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை ஒழுங்காக நிரப்புங்கள். குடும்பநல உத்தியோகத்தரின் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். அன்றாடம் பிள்ளை கண்டதை, கேட்டதை, எண்ணியதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். நாளைக்குப் பாடசாலையில் சேர்க்க நேர்ந்தாலும், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற நேர்ந்தாலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும். அயற்பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். தகப்பன்மாரே, வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளை நீங்கள் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.

அடுத்தது பாடசாலைகளும் முன்பள்ளிகளும். வீட்டில் கற்கும் பிள்ளையை எதிராளியின் பிள்ளையாகப் பார்க்காதீர்கள். விளையாட்டுப் போட்டி, சரஸ்வதி பூசை, ஒளிவிழா, மீலாத் விழா, வெசாக் கூடு கட்டும் நாள் என்று எத்தனையோ நாட்களில் பாடசாலையின் படலையைத் திறந்துவிடலாம். கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகம் வீட்டிலிருக்கும் சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் மாதம் ஒருமுறை வழிகாட்டல் வகுப்பு நடத்தினால், அம்மம்மாவோடு வளரும் பிள்ளையும் பயன்பெறும்.

மூன்றாவது உள்ளூராட்சி மன்றங்கள். பெரிய பூங்கா கட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பஸ் தரிப்பிடத்துக்கு ஒரு கூரை, வேப்பமரத்தின் கீழ் இரண்டு வாங்கு, ஒரு குடிநீர்க் குழாய், பூட்டிக்கிடக்காத ஒரு மலசலகூடம், கடவைகளில் எச்சரிக்கைப் பலகை. பொது நூலகத்தில் ஒரு மூலையில் பாய் விரித்து, சின்னப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் புத்தகத் தட்டு வைத்து, கிழமையில் ஒரு காலை ‘பிள்ளைகள் நேரம்’ என்று ஒதுக்குங்கள். அந்த ஒரு மணிநேரம் சத்தம் போட்டு வாசிக்கலாம், கேள்வி கேட்கலாம் என்று எழுதி ஒட்டுங்கள்.

நான்காவது சீனன்குடாவில் இயங்கும் நிறுவனங்களும் படைத்தரப்பும் புகையிரதத் திணைக்களமும். மாதம் ஒரு காலை, பாதுகாப்புக்கு இடையூறில்லாத ஓரிடத்தில், விளக்கம் சொல்லத் தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள். நிலைய அதிபர் சமிக்ஞை எப்படி விழுகிறது என்று காட்டட்டும். ஆலைத் தொழிலாளி ஒருவர் ஒரு கை கோதுமையையும் ஒரு கை மாவையும் தவிட்டையும் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்துக் காட்டட்டும். எண்ணெய்த் தாங்கிகளின் வரலாறு வேலிக்கு வெளியே ஒரு பலகையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதப்படட்டும். ஊரின் நிலத்தையும் நீரையும் காற்றையும் பயன்படுத்தும் நிறுவனங்களிடம் ஊர்ப் பிள்ளைகள் இவ்வளவைக் கேட்பது அதிகமில்லை. பெரும் செலவும் பிடிக்காது.

கடைசியாக நாம் எல்லோரும். பஸ்ஸில் பிள்ளை ஏதும் கேட்டால் பதில் சொல்வோம். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வோம். முதியவர்களே, பாதையில் கிண்ணியாவுக்குப் போன கதையை, இடம்பெயர்ந்த கதையை, சுனாமி வந்த காலையை, எதை எந்த வயதுக்குச் சொல்லலாமோ அதைச் சொல்லுங்கள். மீன் வாடிக்காரர் மீனின் பெயரைச் சொன்னால் போதும். கொல்லர் சுத்தியலைத் தொட்டுப் பார்க்க விட்டால் போதும். ஒரு பிள்ளை அடிக்கடி தனியே திரிவதைக் கண்டால், பயந்த முகத்தோடு நிற்பதைக் கண்டால், மெல்ல விசாரிப்போம். ஆபத்து என்று பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைப்போம். அக்கறைக்கும் வம்புக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும்.

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதில்லை. வடத்தைப் பிடிக்க எல்லோரும் வரவேண்டும். யார் பெரியவர் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. பிள்ளை வளர்ப்பையும் நாம் அப்படித்தான் எண்ணவேண்டும்.

முதல் அடியாக ஒரு கூட்டத்தைக் கேட்கிறோம். பிரதேச செயலகத்தின் மண்டபத்தில், இந்தத் தவணைக்குள், ஒரு மேசையைச் சுற்றி வலயக் கல்வி அலுவலகம், உள்ளூராட்சி மன்றம், ஓர் அதிபர், ஒரு முன்பள்ளி ஆசிரியை, நூலகர், நிலைய அதிபர், குடும்பநல உத்தியோகத்தர், நிறுவனங்களின் பிரதிநிதிகள், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை ஆகியவற்றின் பொறுப்பாளர்கள், வீட்டில் படிப்பிக்கும் பெற்றோர், ஓர் அம்மம்மா ஆகியோர் உட்காரட்டும். நிகழ்ச்சிநிரலில் மூன்று விடயங்கள் போதும். பள்ளி வயதில் இருந்தும் கல்வியில் விடுபட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை என்பதை எப்படி உறுதிசெய்வது? பகலில் வெளியே வரும் பிள்ளைக்கு நிழலும் நீரும் மலசலகூடமும் எங்கெங்கே, எந்தத் திகதிக்குள்? மாதத்தின் அந்த ஒரு திறந்த காலை எந்த நாள்? கூட்டம் முடியும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரின் பெயரும் ஒரு திகதியும் எழுதப்பட்டு அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டால், அடுத்த தவணையில் அதை வைத்தே கணக்குக் கேட்கலாம். கணக்குக் கேட்பதும் நமது பொறுப்பில் சேர்ந்ததுதான்.